சாவுக் காட்சியில் சிரிப்பு

“கொலை பண்ணினவனைக்கூட மன்னிச்சிடுவேன் மேடம். சாவு சீன்ல சிரிக்கிறவனை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்!”

நாடக அரங்கின் முதலாளி மேசையை ஓங்கிக் குத்தினார். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் கை வலித்தது. அதை வெளியே காட்டாமல் மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தேய்த்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். துப்பறியும் தொழிலில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள். அவளை எல்லாருமே அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குக் காரணம் பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த கொழுந்தன். புருஷனுடைய தம்பி. “வேற வேலை கிடைக்கிற வரைக்கும் உன்கூட வச்சுக்கோ” என்று அண்ணன்காரன் அனுப்பி வைத்து ஆறு வருஷம் ஆகிறது. வேலை கிடைக்கவில்லை. தேடினால்தானே கிடைக்கும்! அவன் வாய்க்கு வாய் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிடப்போய், போலீஸ்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். போன மாசம் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு திருடன்கூட “என்னை விட்டுடுங்க அண்ணி” என்றுதான் கெஞ்சினான்.

“எத்தனை நாளா இந்தச் சிரிப்பு?” என்று கேட்டாள் அண்ணி.

“பன்னெண்டு காட்சியா. எட்டு மாசமா ஓடுது இந்த நாடகம். பாட்டும் ஆட்டமுமா ரெண்டரை மணி நேரம். கடைசியில கப்பல் தலைவன் செத்துக் கிடப்பான், காதலி அவன் மார்ல சாய்ஞ்சு பாடுவா. ஜனங்க தேம்பித் தேம்பி அழுவாங்க. இப்ப அதே இடத்துல குபீர்னு சிரிக்கிறாங்க!”

“எட்டு மாசமா அழுது அழுது அலுத்துப் போயிருக்கும் சார்,” என்றான் கொழுந்தன்.

முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் அவன் காலாட்டுவதை நிறுத்திக்கொண்டான்.

“எதிர்த் தெரு அரங்குக்காரன்தான் கூலிக்கு ஆள் வச்சுச் சிரிக்க வைக்கிறான். எனக்குத் தெரியும். இதுவரைக்கும் ஒன்பது பேரை வெளிய தள்ளியிருக்கேன்.”

“ஏன் சிரிச்சீங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? காலரைப் பிடிச்சேன், தள்ளினேன். அதுல ஒருத்தன் என் பெரியப்பா மகன்னு வெளிச்சத்துல பார்த்தப்பதான் தெரிஞ்சுது.”

அண்ணியின் கண் மேசைமேல் இருந்த ஒரு கடிதத்துக்குப் போனது. தட்டச்சு செய்து முடித்து, கையெழுத்து மட்டும் போடாமல் இருந்தது. முதலாளி பெருமூச்சு விட்டார்.

“கதாநாயகருக்குத்தான். இன்னைக்கு மதியம் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி. சாயங்காலமும் சிரிப்பு வந்துச்சுன்னா நாளையிலேர்ந்து வேற ஆள். அவருக்கு வயசு அம்பத்தி நாலு. இங்க போச்சுன்னா வேற எந்த மேடையும் அவரைக் கூப்பிடாது. எனக்கே மனசு கேக்கலை. ஆனா சாவு சீன்ல சிரிப்பு வர்ற நாடகத்துக்கு யார் மேடம் வருவாங்க?”

“கதாநாயகி?”

“அது இன்னொரு கூத்து. அவரும் அந்தம்மாவும் முன்னாள் புருஷன் பொண்டாட்டி. பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. மேடையில அப்படி உருகுவாங்க. கீழ இறங்கினா ஒரு வார்த்தை கிடையாது.” முதலாளி குரலைத் தாழ்த்தினார். “அவரைக் கவுக்கறதுக்கு அந்தம்மாதான் ஏதாவது பண்றாங்களோன்னும் ஒரு சந்தேகம்.”

மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. ஆனால் சேர்ந்தாற்போல இல்லை. அரங்கம் நிறைந்துவிட்டதால் கொழுந்தனுக்கு இடது ஓரம் மூன்றாம் வரிசை, அண்ணிக்கு வலது ஓரம் மூன்றாம் வரிசை. முதலாளியும் தாடிக்கார இயக்குநரும் வழக்கம்போல வலது பக்க மாடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கொழுந்தன் பெரிய பொட்டலமாகச் சோளப்பொரி வாங்கிக்கொண்டு, கடமையைச் செய்யத் தயாரானான்.

நாடகம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. முதல் பாதியில் கப்பல் தலைவன் மேல்தளத்தில் வெறுங்காலோடு படுத்துத் தூங்குகிறான். சுற்றிலும் இருபது மாலுமிகள் பீப்பாய்களைத் தட்டி, குதித்து, கூரை அதிரப் பாடுகிறார்கள். அவ்வளவு சத்தத்திலும் கதாநாயகர் அடித்துப் போட்ட மரக்கட்டை மாதிரி கிடந்தார். ‘இப்படித் தூங்கறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்’ என்று கொழுந்தன் பொறாமைப்பட்டான்.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. மேடை இருண்டது. கரையில் ஒதுங்கிய உடைந்த படகின் மூக்கு வலது பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. அதன் அருகே ஒரு பலகையில் கப்பல் தலைவன் பிணமாகக் கிடந்தான். கைகள் இரண்டும் முன்பக்கம் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. புயலில் பாய்மரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டானாம். கதாநாயகி ஓடி வந்து பலகைக்குப் பின்னால் மண்டியிட்டாள். அவன் மார்பில் சாய்ந்து, முகத்தைக் கால் பக்கம் திருப்பிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். பின்னணியில் மத்தளம் மட்டும் மெல்ல ஒலித்தது. ஆகா, என்ன குரல்! வாயில் போட்ட சோளப்பொரியை மெல்லக்கூட மறந்து கேட்டான் கொழுந்தன்.

அப்போதுதான் பிணத்தின் வலது கால் கட்டைவிரல் எழுந்தது.

எழுந்தது, இறங்கியது. மறுபடி எழுந்தது, இறங்கியது. கொழுந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். சந்தேகமே இல்லை. செத்தவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு அட்சரம் பிசகாமல்! பக்கத்து இருக்கைப் பெண்மணி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். பின்னால் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். கொழுந்தன் எவ்வளவோ அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. ஒரு சோளப்பொரி மூக்கு வழியாக வெளியே வந்து விழுந்தது. அவ்வளவுதான், இடது பக்கம் முழுக்கக் குபீரென்று வெடித்தது.

காட்சி முடிந்து வெளிக்கூடத்துக்கு வந்தபோது அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“நீங்க அழுதீங்களா அண்ணி?”

“கல்லு மனசுக்காரிகூட அழுவா. அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு நீங்கள்ளாம் எப்படித்தான் சிரிச்சீங்களோ! சரி, என்ன பார்த்த?”

அதற்குள் முதலாளி மூச்சிரைக்க வந்துவிட்டார். “மேடம், கேட்டீங்களா? மறுபடி சிரிச்சுட்டானுங்க! ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?”

“ஆள் இல்ல சார், விரல்!” என்றான் கொழுந்தன், வழக்கைத் தானே முடித்துவிட்ட பெருமையில். “செத்துக் கிடக்கிறப்ப கதாநாயகர் கட்டைவிரலை ஆட்டறார். வலது பக்கத்துக்குப் படகு மறைக்குது. அதான் உங்களுக்குத் தெரியலை. இடது பக்கத்துக்குப் பளிச்னு தெரியுது.”

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவனுக்குத் தோன்றியது.

“அப்ப எந்தக் கூலிக்காரனும் இல்ல! அந்த மனுஷனேதான்! பேனா எங்க? என் பேனா எங்க?”

“சாயங்காலம் வரைக்கும் கெடு கொடுத்தீங்க,” என்றாள் அண்ணி, கொஞ்சமும் பதறாமல். “விரல் ஆடுதுன்னு தம்பி கண்டுபிடிச்சிட்டான். ஏன் ஆடுதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். காரணம் தெரியாம கையெழுத்துப் போட்டா, நாளைக்கு வர்ற புது ஆளுக்கும் அதே விரல் ஆடாதுன்னு என்ன நிச்சயம்?”

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவர் மறைந்ததும் அண்ணி கொழுந்தனின் காதைப் பிடித்துத் திருகினாள்.

“உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். ஒரு மனுஷன் சோத்துல மண்ணைப் போடப் பார்த்தியே!”

“ஆ... விடுங்க அண்ணி! நான் உண்மையைத்தானே சொன்னேன்? அவருக்குத் தாளம் போடற பழக்கம். பாட்டுக்காரங்க எல்லாருக்கும் இருக்கிறதுதான்.”

“பழக்கம்னா முதல் பாதியில ஏன் ஆடலை? இருபது பேர் பீப்பாயை அடிச்சு நொறுக்கினாங்க. வெறுங்காலோடதான் படுத்திருந்தார். ஒரு விரலாவது அசைஞ்சுதா?”

கொழுந்தன் யோசித்தான். அசையவில்லைதான்.

“அப்ப வேணும்னே ஆட்டறார். பழைய பொண்டாட்டி பாட்டைக் கெடுக்கறதுக்கு!”

“அவர் வேலையும் சேர்ந்தில்ல போகுது? தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறவர் மாதிரியா தெரியுது? வா, உள்ள போவோம்.”

மேடைக்குப் பின்னால் ஒரு நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் கம்பிகளில் மாலுமிச் சட்டைகள் தொங்கின. அடுத்த காட்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால், எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி இருந்தாலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

“பன்னெண்டு காட்சிக்கு முன்னாடி அந்தச் சாவு சீன்ல ஏதாவது மாத்தினாங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“மாத்தாம? அந்தத் தாடிக்குச் சும்மா இருக்க முடியுமா? முன்னாடி செத்தவர் கை சும்மா அந்தம்மா முதுகுல கிடக்கும். பார்க்கவே உருக்கமா இருக்கும். திடீர்னு ஒரு நாள் ‘கையைக் கட்டுங்க, கயிறு வேணும், அதுலதான் கலை இருக்கு’ன்னு ஒரே பிடிவாதம். தினமும் மணிக்கட்டுல தழும்புக்கு மருந்து போடறது யாரு? நான்தான்.”

அந்த நேரம் கதாநாயகி தன் அறையிலிருந்து வெளியே வந்து நடந்து போனாள். கொழுந்தன் விடுவானா? வலது பக்கமாகப் போய், “அம்மா, பாட்டு பிரமாதம்! கண்ணுல தண்ணி வந்துடுச்சு!” என்றான். சிரிப்பில் வந்த தண்ணீர் என்பதைச் சொல்லவில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள். கொழுந்தன் அசடு வழிய நின்றான்.

“என்ன திமிர் பாருங்க அண்ணி! ஒரு சிரிப்பு சிரிச்சா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

 அண்ணியின் பார்வை நடைவழிக் கோடியில் இருந்த டீ மேசைமேல் இருந்தது. கதாநாயகி அங்கே போய் நின்றாள். கதாநாயகர் எங்கிருந்தோ வந்து அவளுடைய வலது பக்கத்தில் நின்றுகொண்டார். பேசவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி டீயை ஊதினார். மாலுமி வேஷக்காரன் ஒருவன் அவளிடம் ஏதோ சொல்ல வந்தான். வலது பக்கம் அவர் அடைத்துக்கொண்டு நின்றதால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய்ச் சொன்னான். அவள் சிரித்துப் பேசினாள். பிறகு விளக்குக்காரன் வந்தான். அவனும் இடது பக்கம்தான் போக வேண்டியிருந்தது. அவனிடமும் நன்றாகவே பேசினாள்.

“தினமும் இப்படித்தானா?” என்று உடைக்கார அம்மாளிடம் கேட்டாள் அண்ணி.

“தினமும்தான். பேசறதில்ல, கொள்றதில்ல. ஆனா வந்து ஒட்டிக்கிட்டு நிப்பார். என்ன பகையோ!”

“தம்பி,” என்றாள் அண்ணி மெதுவாக. “முடிஞ்சுது. வா.”

“எது முடிஞ்சுது? எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

கதாநாயகரின் ஒப்பனை அறை சின்னது. ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அவர் முகத்துக்கு எண்ணெய் தடவிப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் செத்தவராகவும் பாதி முகம் உயிரோடும் இருந்தது.

“ஐயா, உங்க கட்டைவிரலைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்,” என்றான் கொழுந்தன். உலகத்தில் எந்த விசாரணையும் இப்படி ஆரம்பித்திருக்காது.

அவர் கை ஒரு கணம் நின்றது. “முதலாளி அனுப்பினாரா? அது பழக்கம்ங்க. பாட்டு கேட்டா விரல் தன்னால ஆடும். அப்படியே எழுதிக்குங்க. போகச் சொன்னா போறேன்.”

“பழக்கம் இல்ல,” என்றாள் அண்ணி. “பழக்கமா இருந்தா தூங்குற காட்சியிலயும் ஆடியிருக்கும். கை சும்மா இருந்தவரைக்கும் யாரும் சிரிக்கலை. கையைக் கட்டினதும் விரல் ஆட ஆரம்பிச்சுது. அப்ப முன்னாடி அந்தத் தாளத்தைக் கையால அவங்க முதுகுல தட்டிக்கிட்டிருந்தீங்க. கட்டினதும் அவங்க கண்ணு படற இடத்துக்கு மாத்திட்டீங்க. அவங்க முகம் உங்க காலைப் பார்த்துத்தானே இருக்கு? அந்தத் தாளம் அவங்களுக்காகப் போடறது.”



“அவங்களுக்கு ஏன் தாளம் வேணும்? வலது பக்கம் நின்னு கத்தினா இவனைத் திரும்பிப் பார்க்கலை. இடது பக்கம் வந்து பேசினவங்ககிட்ட நல்லாப் பேசினாங்க. நீங்க தினமும் அந்த வலது பக்கத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க, யாரும் அந்தப் பக்கம் வந்து பேசிடக் கூடாதுன்னு. வலது காது கேக்காது. சரியா?”

எண்ணெய்க் கிண்ணம் அவர் கையிலிருந்து நழுவி மேசையில் கவிழ்ந்தது. கொழுந்தன் வாயைப் பிளந்தான். திமிர் என்று சொன்னது நினைவுக்கு வந்து, அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“கதவைச் சாத்துங்க தம்பி,” என்றார் அவர்.  “ஒன்றரை வருஷமா வலது காது சுத்தமாக் கேக்கறதில்ல. யார்கிட்டயும் சொல்லலை. பாடற ஒருத்திக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா இந்தத் தொழில்ல ஒரு நாள் வச்சிருப்பாங்களா? மத்த காட்சியெல்லாம் சமாளிச்சிடுவா. இந்தப் பாட்டுலதான் நல்ல காது என் மார்ல அமுங்கிடும். மத்தளம் கேக்காது. இசைக்குழுத் தலைவர் கையும் அங்கேர்ந்து தெரியாது. ஒரு நாள் அரைத் தாளம் தடுமாறிட்டா. அவ உடம்பு நடுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. அன்னையிலேர்ந்து தட்டறேன்.”

“நீங்க தட்டறது அவங்களுக்குத் தெரியுமில்ல?”

“ஏதோ பழக்கத்துல தட்டறேன்னு நினைச்சுக்கிட்டு அதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடறா. எனக்கு விஷயம் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ரோஷக்காரி. என் இரக்கம் வேணாம்னு அடுத்த நாளே வேலையை விட்டுடுவா.”

“உங்க வேலை போயிடுமே ஐயா!” என்றான் கொழுந்தன்.

“போனா அந்த இடத்துக்கு வேற ஒருத்தன் வந்து படுப்பான். அவன் நல்லாச் சாவான், அசையவே மாட்டான். அவ பாட்டு நடுவுல நின்னுடும். எனக்கு அந்தப் பயம்தான்.”

“பிரிஞ்சுட்டீங்களே...” என்று இழுத்தான் கொழுந்தன்.

“வீட்ல ஒத்து வரலை. மேடையில ஒத்து வருது. எல்லாமே எல்லா இடத்துலயும் ஒத்து வரணும்னா எப்படி?” அவர் அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டார். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. முக்கியமா அவகிட்ட.”

அண்ணி இரண்டு பேருக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அதைச் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் முதலாளி கையெழுத்துப் போட்டுவிடுவார். இப்படி ஒரு இக்கட்டு அவளுக்கே புதிது.

“அண்ணி, குழப்பினது நான். நானே சரி பண்றேன்,” என்றான் கொழுந்தன்.

“அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.”

ஆனால் வேறு வழியும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் முதலாளியின் அறையில், தாடிக்கார இயக்குநரின் கண் முன்னால், கொழுந்தன் வலது காலின் ஷூவைக் கழற்றி மேசைமேல் காலை நீட்டினான். காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் தன்னால் வெளியே எட்டிப் பார்த்தது. மறைத்து வைக்க வேண்டிய விஷயம்தான், இன்றைக்குக் கைகொடுத்தது.

“சார், இதோ மேடையிலேர்ந்து எடுத்துட்டு வந்த கயிறு. இதால என் கையைக் கட்டுங்க. நாடகத்துல கட்டற மாதிரியே கட்டுங்க.”

இயக்குநர் கட்டினார். கலைஞர் அல்லவா, இறுக்கியே கட்டினார். எல்லாரும் விரலைப் பார்த்தார்கள். விரல் அசையவில்லை. கட்டிய வலியில் கொழுந்தன் வந்த வேலையையே மறந்துவிட்டான். அண்ணி தொண்டையைச் செருமினாள். சட்டென்று விரல் துள்ள ஆரம்பித்தது.

“பார்த்தீங்களா! பார்த்தீங்களா!” என்று கூவினான் கொழுந்தன். “மணிக்கட்டை இறுக்கினா ரத்தம் எங்க போகும்? கீழதானே போகும்? போய்க் கட்டைவிரல்ல முட்டும். முட்டினா விரல் என்ன பண்ணும்? துடிக்கும். பாவம், அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?”

“இது எந்த ஊர் மருத்துவம்?” என்றார் இயக்குநர் கடுப்போடு.

“படிச்ச டாக்டருங்களுக்கே தெரியாது சார். ரொம்ப அபூர்வம்.”

அண்ணி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது கொழுந்தனுக்கு மட்டும் தெரிந்தது. முதலாளியோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“அடடா! எங்க மாமாவுக்குப் பெல்ட்டை இறுக்கிக் கட்டினா இப்படித்தான் இடது கால் இழுக்கும்! வீட்ல யாருமே நம்பலை!” அவர் இயக்குநர் பக்கம் திரும்பினார். “கயித்தை எடுத்துடுங்க. பழைய மாதிரியே கை முதுகுல இருக்கட்டும்.”

“முடியாது! அந்தக் கயிறுதான் இந்தக் காட்சியோட உயிர்!”

“செத்தவனுக்கு எதுக்கய்யா உயிரு? எடுங்க!” என்றார் முதலாளி. அந்தக் கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஆனா மேடம், இன்னைக்குச் சாயங்காலம் ஒரு சிரிப்பு கேட்டுச்சு, அங்கேயே நின்னு கையெழுத்துப் போட்டுடுவேன்.”

சாயங்காலக் காட்சிக்கு முதலாளி மாடத்துக்குப் போகவில்லை. இடது பக்கச் சுவரோரமாக, கொழுந்தனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். ஒரு கையில் தூரக்கண்ணாடி, மறு கையில் மூடி கழற்றிய பேனா. கொழுந்தன் இந்தத் தடவை சோளப்பொரி வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் இறங்கியிருக்காது.

கதாநாயகி வந்து மண்டியிட்டாள். மார்பில் சாய்ந்தாள். முதலாளி தூரக்கண்ணாடியைக் கட்டைவிரலுக்கு நேராக வைத்துக் குனிந்தார். கொழுந்தனும் கண் கொட்டாமல் விரலையே பார்த்தான். அசையாதே, அசையாதே என்று வாய்க்குள் முணுமுணுத்தான். பாட்டு தொடங்கியது. முதல் வரி, இரண்டாம் வரி. விரல் அசையவில்லை. அப்புறம்தான் அவன் கண் மேலே போனது. அவள் முதுகில், அவிழ்ந்து கிடந்த கூந்தலுக்கு அடியில், செத்தவரின் இரண்டு விரல்கள் மெல்ல எழுந்து எழுந்து படிந்தன. தெரிந்து பார்ப்பவனுக்குத்தான் அது தெரியும். வேறு யாருக்கும் காற்றில் முடி அசைவதாகத்தான் தோன்றும். பாட்டு அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு ஒரு பிசிறும் இல்லாமல் மேலே ஏறியது.

யாரும் சிரிக்கவில்லை. வலது பக்கம் அழுதது, இடது பக்கம் அழுதது. கொழுந்தன் ஓவென்றே அழுதான். பக்கத்தில் முதலாளி பையைத் துழாவிக் கையில் அகப்பட்ட காகிதத்தில் மூக்கைச் சிந்தினார். சிந்திய பிறகுதான் அது என்ன காகிதம் என்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

திரை விழுந்ததும் அண்ணியும் கொழுந்தனும் விடைபெற்றுக்கொள்ளப் பின்பக்கம் போனார்கள். உடைக்கார அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து கணக்கில்லாத மாலுமிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி வேஷம் கலைக்காமலே அங்கே வந்தாள். அண்ணி சட்டென்று அவளுடைய இடது பக்கம் போய் நின்றாள்.

“கயித்தை எடுக்க வச்சது நீங்கதானாமே. ரொம்ப நன்றிங்க,” என்றாள் அவள். “பன்னெண்டு காட்சியா ஜனங்க சிரிக்கச் சிரிக்கப் பாடினேன். செத்துடலாம் போல இருந்துச்சு. எல்லாம் அந்த மனுஷனோட பாழாப்போன பழக்கம்.”

“என்ன பழக்கம்?” என்றாள் அண்ணி, ஒன்றும் தெரியாதவள் போல.

“தாளம்தான். எப்பப் பார்த்தாலும் தட்டிக்கிட்டே இருப்பார். சாப்பாட்டு மேசையில தட்டுவார், கட்டில் சட்டத்துல தட்டுவார், நான் பேசிக்கிட்டிருக்கிறப்ப தட்டுவார். பதினெட்டு வருஷம் பொறுத்தேன். ‘உங்களுக்கு நான் வேணுமா, தட்டறது வேணுமா’ன்னு கேட்டேன். அப்பவும் தட்டிக்கிட்டேதான் யோசிச்சார். பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். நாலு வருஷம் ஆகியும் மனுஷன் திருந்தலை பாருங்க.” அவள் சிரித்தாள். “இருந்தாலும் மேடையில அது எனக்கு ஒரு விதத்துல உதவியா இருக்குன்னு வச்சுக்குங்க.”

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். வாக்குக் கொடுத்தவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் உடைக்கார அம்மாள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

“யாரு, அவரா தட்டுவாரு?” என்றாள் வாயிலிருந்து குண்டூசியை எடுத்துவிட்டு. “நான் இங்க வந்து மூணு வருஷமாச்சு. ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே! சாப்பிடறப்ப இடது கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். ஏன்யா இப்படின்னு ஒரு நாள் கேட்டேன். ‘தட்டினா ஒருத்தருக்குப் பிடிக்காதும்மா, அதனால விட்டுட்டேன்’னார். யாருன்னு சொல்லலை. நானும் கேக்கலை.”

கதாநாயகியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் உடைக்கார அம்மாளைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். விட்டுவிட்ட மனுஷன் ஏன் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் தட்ட வேண்டும் என்று அவள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. யோசனை முடிந்ததும் தெரிந்தது. அவள் கை வலது காதைத் தொட்டது.

ஒப்பனை அறைக் கதவு திறந்தது. கதாநாயகர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவளுடைய வலது பக்கம் வந்து நின்றார்.

“அந்தப் பக்கம் நின்னா எனக்குக் கேக்காது,” என்றாள் அவள்.

நாலு வருஷத்தில் மேடைக்குக் கீழே அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

“அப்படியா?” என்றார் அவர், புருவத்தை உச்சந்தலை வரைக்கும் தூக்கி. “எனக்குத் தெரியவே தெரியாதே!”

முப்பது வருஷம் மேடையில் நின்ற மனுஷன் அவ்வளவு மோசமாக நடித்துக் கொழுந்தன் பார்த்ததில்லை. உடைக்கார அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதாநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணில் தீட்டியிருந்த மை கன்னத்தில் இறங்கியது.

“எத்தனை நாளாத் தெரியும்?”

அவர் தரையைப் பார்த்தார். “ஒன்றரை வருஷமா.”

“நானும் ஒன்றரை வருஷமா டாக்டர்கிட்டப் போகணும் போகணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். போகலை. அவர் என்ன சொல்லிடுவாரோன்னு...” அவள் குரல் உடைந்தது. “தனியாப் போக பயமா இருக்குங்க. நாளைக்குக் காலையில கூட வர்றீங்களா?”

கதாநாயகர் பையைக் கீழே வைத்தார். அவளைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் நின்றார்.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.